வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு: பெரியவர்களுக்கு ஆன்லைன் மட்டும் போதுமா?

ஹூஸ்டன் வேலன்:
டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக்குப் போக வேண்டுமானால் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். 17 வயது நிரம்பியவர்கள் முழுவதையும் ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். 9 முதல் 16 வயது வரை உள்ளவர்கள்தான் நேரில் வந்தாக வேண்டும். செப்டம்பரில் புறா வேட்டை தொடங்கும்போது, அதுவரை துப்பாக்கியைக் கையில் எடுத்தே இராத நம்மவர்கள் சிலர், அலுவலக நண்பர்கள் அழைத்தார்கள் என்று சான்றிதழோடு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இது அச்சமாக இருக்கிறது. பெரியவர்களுக்கும் களப்பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன்.

மிட்லண்ட் செல்வி:
வேலன் அண்ணா, பெருநகரத்தில் இருப்பவர்களுக்கு அது எளிது. ஹூஸ்டனுக்கும் மேற்குக் கோடியில் உள்ள எல் பாசோவுக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். எங்கள் மிட்லண்ட் போன்ற மேற்கு டெக்சாஸ் ஊர்களில் வகுப்புக்காகப் பாதி நாள் கார் ஓட்ட வேண்டியிருக்கும். நான் செவிலியர், இரவுப் பணி. வார இறுதிகளில் பெரும்பாலும் மருத்துவமனையில்தான் இருப்பேன். ஆன்லைன் வழி இல்லையென்றால் என் போன்றவர்களுக்கு வாய்ப்பே கிடையாது.

பாடமும் மட்டமானதன்று. 20 கேஜ் தோட்டா ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று அங்கேதான் அறிந்தேன். கேஜ் என்பது குழலின் அகல அளவு; எண் கூடக்கூடக் குழலும் தோட்டாவும் சிறுக்கும். தவறுதலாக அதை 12 கேஜ் துப்பாக்கியில் போட்டால் வழுக்கிக்கொண்டுபோய்க் குழலுக்குள் சிக்கிவிடும். அது தெரியாமல் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும். குழலின் உள்பக்கத்தைப் படமாகக் காட்டியிருந்தார்கள். புரியும்வரை திரும்பத் திரும்பப் பார்த்தேன். நேரடி வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது கிடைக்குமா?

ஹூஸ்டன் வேலன்:
அறிவு கிடைக்கிறது, மறுக்கவில்லை. கைக்குப் பழக்கம் எங்கிருந்து வரும்? முதன்முறை துப்பாக்கி பிடித்தவரைப் பக்கவாட்டிலிருந்து யாராவது கூப்பிடட்டும். தோள் திரும்பும், தோளோடு குழலும் திரும்பும். விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்கு வெளியே நேராக நீட்டியிருக்க வேண்டிய விரல், தன்னை அறியாமல் விசைக்கு வந்திருக்கும். வினாத்தாளில் நூற்றுக்கு நூறு எடுத்தவருக்கும் இது நடக்கும். பயிற்றுநர் பக்கத்தில் நின்றால் அந்த நொடியிலேயே அதட்டுவார். அந்த அதட்டல் வாழ்நாள் முழுவதும் மறக்காது. கம்பிவேலியைத் தாண்டுவதும் அப்படித்தான். தோட்டாவை வெளியே எடுத்து, துப்பாக்கியை வேலிக்கு அடியில் கிடத்திவிட்டுத் தாண்ட வேண்டும் என்று எல்லோரும் படிக்கிறார்கள். களைத்துப்போன மாலையில் அதைச் செய்ய வைப்பது பழக்கம் மட்டுமே.

சான் அந்தோனியோ மூர்த்தி:
இருவருக்கும் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 2006 பிப்ரவரியில் தெற்கு டெக்சாஸில் காடை வேட்டையின்போது அன்றைய துணை அதிபர் டிக் சேனி, உடன் வந்த ஹாரி விட்டிங்டனைச் சுட்டுவிட்டார். எழும்பிய பறவையின் பின்னாலேயே குழலைத் திருப்பிக்கொண்டு போனதில் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் ரவைகள் பாய்ந்தன. விட்டிங்டன் 78 வயதுக்காரர், பிழைத்துக்கொண்டார். சேனி புதியவர் அல்லர். பல ஆண்டு அனுபவம் உள்ளவர். 1941இல் பிறந்ததால் இந்தக் கட்டாயம் அவரைத் தொடவே இல்லை. பழக்கம் மட்டுமே காப்பாற்றும் என்றால் அவர் தவறியிருக்கக் கூடாது.

ஹூஸ்டன் வேலன்:
ஐயா, நீங்கள் என் பக்கத்துக்கே சான்று தந்திருக்கிறீர்கள். வரிசையாக நடக்கும்போது அவரவர் சுடும் எல்லை எது, பறவை அந்த எல்லையைத் தாண்டியதும் குழலை எப்படி வானத்துக்கு உயர்த்தி விட்டுவிடுவது என்பவை திடலில் நடந்து நடந்து பழக வேண்டியவை. வேட்டையாடிய ஆண்டுகளின் எண்ணிக்கையும் முறையாகப் பழகிய பயிற்சியும் வேறு வேறு.

சான் அந்தோனியோ மூர்த்தி:
அப்படியானால் பெரிய ஓட்டையை முதலில் அடைப்போம். 17 வயது நிரம்பியவர் 10 டாலர் கட்டினால், வகுப்பே இல்லாமல் ஒருமுறை விலக்குப் பெற்று அந்த லைசென்ஸ் ஆண்டு முழுவதும் வேட்டைக்குப் போகலாம். தகுதியுள்ள ஒருவர் துணைக்கு இருந்தால் போதும். அதுவும் சாதாரணமாகப் பேசினால் குரல் கேட்கும் தூரத்தில். குரல் போய்ச் சேர்வதற்குள் தோட்டா போய்விடும். ஆன்லைனில் படித்தவரைக் குறை சொல்லிவிட்டு, ஒன்றுமே படிக்காதவரை விட்டுவைப்பது எந்த விதத்தில் சரி?

மிட்லண்ட் செல்வி:
மூர்த்தி ஐயா சொல்வதை ஏற்கிறேன். அந்த விலக்கை எடுத்துவிடட்டும். ஆன்லைன் பாடம் இருப்பதால், நேரமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஹூஸ்டன் வேலன்:
நானும் உடன்படுகிறேன். ஆனால் களப்பயிற்சியை விட மாட்டேன். 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீண்ட துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 11 விழுக்காடு வரி வசூலாகிறது. அதில் ஒரு பங்கு வேட்டைக் கல்விக்கு வருகிறது. அந்தப் பணத்தில் பயிற்றுநர்களை மிட்லண்டுக்கு அனுப்பட்டும். பாடத்தை வீட்டில் படித்துவிட்டு, நான்கு மணி நேரம் மட்டும் நேரில் வந்தால் போதாதா?

மிட்லண்ட் செல்வி:
வார நாளில், பகலில் நடத்தினால் முதல் ஆளாக நான் வருவேன். ஆனால் பயிற்சியை எங்கள் ஊருக்குக் கொண்டுவரும் முன் கட்டாயத்தைக் கொண்டுவந்தால் எதிர்ப்பேன், அண்ணா. வரிசை முக்கியம்.