சயாமுக்குப் போனவரின் தேதி

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

"கொள்ளுத் தாத்தா பெயரில் இருக்கும் நிலத்தைப் பட்டா மாற்ற வேண்டும். அவர் மலாயாவிலிருந்து திரும்பவே இல்லை. இறப்புச் சான்று எங்கே வாங்குவது?" என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய ஆட்கள் இருந்த ஊர் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அன்றிலிருந்து 1945 செப்டம்பர் வரை அங்கிருந்து கடுதாசியும் இல்லை, மணியார்டரும் இல்லை. அந்த இடைவெளியில்தான் கித்தா (ரப்பர்) தோட்டத்து ஆட்களை, ஜப்பானியர் சயாமில் (இன்றைய தாய்லாந்து) போட்ட ரயில் பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் தண்டவாளத்தின் இரு முனைகளும் சேர்ந்தன. அந்த ஆண்டு மழைக்காலத்துக் காலராவில் முகாம் முகாமாக மாண்டார்கள். போர்க்கைதிகளாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களில் இறந்தவர்கள் 12,000-க்கு மேல். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் வெட்டிய கல்லறை இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை.

ஊரில் இருந்த குடும்பத்துக்கு இதனால் நேர்ந்தது, தேதி இல்லாத சாவு. இன்று நான்காம் தலைமுறையில் நடக்கும் பங்காளிச் சண்டை, அத்தை வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதது, தரிசாகக் கிடக்கும் அரை மா நிலம் இவற்றில் பலவற்றைத் தோண்டினால் அடியில் இந்தத் தேதிதான் கிடக்கும். தேதிக்கு இவ்வளவு கனம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட்டு வேலைக்கு வருகிறேன்.

1956-க்கு முன் இறந்தவர் சொத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. பழைய முறைப்படி மகன்கள் இருந்தால் மகள்களுக்குப் பங்கில்லை. 1956 சட்டத்துக்குப் பின் இறந்தார் என்றால் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருமே முதல் வகுப்பு வாரிசுகள். அதாவது கொள்ளுத் தாத்தா 1943-இல் இறந்தார் என்றால் ஒரு பங்கீடு, பின்னால் இறந்ததாகக் கொண்டால் வேறு பங்கீடு. சித்தப்பா வீடு ஒரு தேதியைப் பிடித்துக்கொள்ளும், அத்தை வீடு இன்னொன்றை. இரண்டு பக்கமும் பொய் சொல்வதில்லை. அவரவர் வீட்டில் கேட்டு வளர்ந்ததைச் சொல்கிறார்கள்.

ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றிச் சேதி இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. இப்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 111. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். சட்டம் ஊகிப்பது இறந்தார் என்பதை மட்டும். எப்போது இறந்தார் என்பதை ஊகிக்காது. அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க ஒன்றும் இல்லாவிட்டால், வழக்குப் போட்ட நாளில் அவர் உயிரோடு இல்லை என்ற அளவோடு நீதிமன்றம் பொதுவாக நின்றுவிடும். ஆகவே வக்கீலிடம் போகும் முன் சான்று சேர்க்க வேண்டும்.

முதல் சான்று தகரப் பெட்டி. மணியார்டர் துண்டு, மலாயா முத்திரை விழுந்த உறை, ஸ்டூடியோ முத்திரை உள்ள போட்டோ எதுவாக இருந்தாலும் முன்னும் பின்னும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் எடுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். வாழைமர நோட்டுக் கட்டு (ஜப்பானியர் மலாயாவில் அச்சிட்ட, வாழைமரப் படம் போட்ட பணம்) இருந்தால் அதற்குப் பணமதிப்புக் கிடையாது. ஆனாலும் எறிய வேண்டாம். ஜப்பான்காரன் காலம் முடிந்து யாரோ ஒருவர் கப்பலில் திரும்பிவந்து இந்த வீட்டுக்கு ஏதோ சேதி சொல்லியிருக்கிறார் என்பதற்கு அது தடயம். அவர் யார் என்று விசாரியுங்கள்.

இரண்டாவது, எண்பது தாண்டிய பெரியவர்கள். "எப்போது இறந்தார்?" என்று கேட்டால் "யாருக்குத் தெரியும்" என்று முடித்துவிடுவார்கள். "கடைசிக் கடுதாசி வந்தபோது வீட்டில் கைக்குழந்தை யார்? 52 புயலுக்கு முன்னா, பின்னா? 55 புயலுக்கு?" என்று கேளுங்கள். கங்காணி (ஆள் சேர்த்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனவர்) பெயர், தோட்டத்தின் பெயர், பக்கத்து ரயில் நிலையம் மூன்றையும் கேளுங்கள். தோட்டங்களுக்கு நம் ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர் வேறு, கம்பெனிப் பெயர் வேறு; ரயில் நிலையம் தெரிந்தால் கம்பெனிப் பெயரைப் பிடித்துவிடலாம். கேட்டதைக் குரல் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள். தாலியைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் முப்பது நாற்பது வருடம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்த பெண்ணின் பிள்ளைகளிடம் பேசுகிறோம் என்ற நினைவு இருக்கட்டும். இப்படிச் சாவும் இல்லாமல் வாழ்வும் இல்லாமல் நிற்கும் துக்கத்தை அமெரிக்காவில் பாலின் பாஸ் என்பவர் 1970-களில், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை வைத்து ஆராய்ந்தார். அழுது முடிக்க வழியில்லாத வீட்டில் பேச்சே நின்றுபோகும். நம் வீடுகளில் "அந்தப் பேச்சை எடுக்காதே" என்று வளர்த்தது அதனால்தான்.

மூன்றாவது, அவர் கூலியாகப் போனவரா, பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்துக்காரரா என்று பிரியுங்கள். பட்டாளம் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் பெயர் கிடைக்க வாய்ப்பு உண்டு. ரங்கூன் நினைவுச் சின்னத்தில் மட்டும் ஏறத்தாழ 27,000 பெயர்கள். ஆள் பெயரைப் போட்டுத் தேடி ஏமாறாதீர்கள், குமாஸ்தாக்கள் எழுதிய எழுத்துக்கூட்டு கண்டபடி இருக்கும். கூடுதல் விவரப் பகுதியில் ஊரைத் தேடுங்கள், அதுவும் பழைய ஆங்கில வடிவில்: டாஞ்சூர், நெகபட்டாம், மாயவரம், ஷியாலி (சீர்காழி), ட்ராங்குபார் (தரங்கம்பாடி). திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டம் என்று போட்டால் ஒன்றும் வராது. அன்று எல்லாமே தஞ்சாவூர் ஜில்லா.

இனி நிலம். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு மூன்றையும் எடுங்கள். வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975-லிருந்துதான் வரும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். 1942 முதல் 1950 வரை கட்டாயம் பாருங்கள். மணியார்டர் நின்ற வீடுகள் நிலத்தை ஒத்திக்கு வைத்தது அப்போதுதான். பிறகு நிலம் இருக்கும் எல்லைக்குரிய உரிமையியல் நீதிமன்றத்தில், தெரிந்த வாரிசுகள் அத்தனை பேரையும் சேர்த்து, இறந்ததாக அறிவிக்கக் கோரி வழக்கு.

"அத்தனை பேரையும்" என்றதில் மலாயாவில் அவருக்கு இருந்த இன்னொரு குடும்பமும் அடக்கம். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. சென்னை மாகாணத்தில் 1949 வரை இந்து ஆணின் இரண்டாம் கல்யாணத்துக்குத் தடையில்லை, மலேசியாவில் 1982 வரை இல்லை. அந்தப் பிள்ளைகளும் முறையான வாரிசுகளே. அவர்களை மறைத்து வாங்கிய தீர்ப்பு பின்னாளில் நிற்காது. அதைவிட, நாம் எண்பது வருடமாகத் தேடும் தேதி அந்த வீட்டில் இருக்கலாம்.

உள்ளூரில் இறந்ததாக ஒரு தேதி போட்டுச் சான்று வாங்கித் தருகிறேன் என்று தரகர் வருவார். வேண்டவே வேண்டாம். அதன் மேல் எழுதும் ஒவ்வொரு பத்திரமும் அந்தப் பொய்யோடு சேர்ந்து விழும்.

வெளிநாட்டிலிருந்து பொது அதிகாரப் பத்திரம் அனுப்புவோர், அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இதைத் தவறவிடுவோர் நிறைய.

கூத்தாநல்லூர், நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசு முறை வேறு. அந்தச் சட்டம் தெரிந்த வக்கீலாகப் பாருங்கள்.

திதி பற்றியும் கேட்டிருந்தார்கள். மாதம் மட்டும் தெரிந்தால் அந்த மாத அமாவாசை, அதுவும் தெரியாவிட்டால் மகாளய அமாவாசை என்பது வழக்கம். பூந்தோட்டம் அருகே செதலபதி, பூம்புகார் சங்கமம், வேதாரண்யம் கடல் எங்கும் கொடுக்கலாம். வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீதிமன்றத் தேதி நிலத்துக்கு. எள்ளும் தண்ணீரும் இந்த வருடமே இறைக்கலாம்.

பெயர், தகப்பனார் பெயர், தாலுகா, கப்பலேறிய வருடம், தோட்டம், கங்காணி, கடைசிக் கடுதாசி என்று ஏழு கட்டம் போட்ட தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். தெரிந்ததை மட்டும் நிரப்பி அனுப்புங்கள். ஒரே கங்காணியோடு போனவர்கள் பெரும்பாலும் ஒரே தோட்டத்தில் இருந்தார்கள். உங்கள் வீட்டுத் தாளில் காலியாக இருக்கும் கட்டம் அடுத்த தெருக்காரர் தாளில் நிரம்பியிருக்கும்.

அன்புடன்