உதவி: டிடெக்டர் விடாமல் கத்துகிறது, வியாழக்கிழமை ஜேசிபி வருகிறது

எருத்தேம்பதி_தோப்பு | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரத்துக்கு முன் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். பழைய காசு தேடத்தான். எங்கள் தோப்பில் கொண்டுபோய் வைத்தால் நிற்காமல் கத்துகிறது. முப்பது குழிக்கு மேல் தோண்டிவிட்டேன். ஆணி, பீர் மூடி, உடைந்த லாடம் ஒன்று. காசு மட்டும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் காசு இருப்பது உறுதி. வியாழக்கிழமை அஸ்திவாரம் தோண்ட ஜேசிபி வருகிறது. அதற்குள் பார்த்தாக வேண்டும். மெஷின் பழுதா? வேறு வாங்கிவிடலாமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

காலணா_பெட்டி | இரவு 9.58

தம்பி, என்ன மாடல்? என்ன மண்? எந்த மாதிரி சத்தம்? தரையில் வைத்தால் மட்டும் கத்துகிறதா, கையில் தூக்கிப் பிடித்தாலும் கத்துகிறதா? இது எதுவுமே தெரியாமல் எப்படிச் சொல்வது?

பொள்ளாச்சி_ரேடியோ | இரவு 10.05

பேட்டரியைப் பாருங்கள். நான் இருபது வருடமாக ரேடியோ, டிவி பழுது பார்க்கிறேன். இந்த மாதிரிப் பொருளில் பாதிப் பிரச்சினை பேட்டரிதான். மெஷினோடு வரும் பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல அல்கலைன் போடுங்கள். வோல்டேஜ் இறங்கினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் தடுமாறும்.

சரளைமண் | இரவு 10.31

எருத்தேம்பதி என்றால் கருமண். கேரளாவில் கருமண் இருப்பதே பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில்தான். மண்ணில் இருக்கும் இரும்புச்சத்தை மெஷின் உலோகம் என்று எடுத்துக்கொள்கிறது. கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் சத்தத்தைத் தள்ளிவிடும் வசதி, இல்லாத மெஷினில் இதற்கு வழியே இல்லை. நான் ஒற்றப்பாலம் பக்கம் வெட்டுக்கல் பூமியில் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நாணயவியல்_மூத்தவன் | இரவு 10.50

இந்த மன்றத்தில் மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். மெஷினோடு ஒரு கையேடு வந்திருக்கும். அதைப் பிரித்தீர்களா? ஒரு தெரிந்த காசை மண்ணில் புதைத்து அதன் சத்தத்தைக் கேட்காமல், தெரியாத காசைத் தேடி முப்பது குழி தோண்டியிருக்கிறீர்கள். ஒருவர் முதலில் எழுத்து கற்கிறார், பிறகுதான் வாசிக்கிறார். புது மெஷின் வாங்கினாலும் இதே கதைதான் நடக்கும்.

காலணா_பெட்டி | இரவு 10.57

ஐயா, சொல்வது சரிதான். கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாம். அவருக்கு மூன்று நாள்தான் இருக்கிறது.

எருத்தேம்பதி_தோப்பு | செவ்வாய், காலை 6.20

பேட்டரி நேற்றே புதிது போட்டேன். மாற்றமில்லை. மாடல் பெயர் பெட்டியில் சரியாக இல்லை, ஆன்லைனில் ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கியது. ஒரு முள் மீட்டர், மூன்று திருகு. ஆமாம், கருமண்தான்.

காசு இருக்கிறது என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மூலையில்தான் முன்பு சந்தை கூடும். எங்கள் அப்பத்தா சின்ன வயதில் அங்கே புளியமரத்தடியில் உட்கார்ந்து கடலை விற்றவர். இப்போது 88 வயது. சந்தை கலைந்த பிறகு பிள்ளைகள் எல்லாம் மண்ணைக் கிளறிக் காசு பொறுக்குவோம் என்று சொல்வார். ஜேசிபி இறங்கினால் அந்த மண் எங்கே போகும் என்றே தெரியாது. அவர் கையில் ஒரு காசாவது எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் இந்த அவசரம்.

வாளையார்_வழி | காலை 7.45

சந்தைமேடு என்றால் விடாதீர்கள். அந்தப் பாதை சாதாரணப் பாதை இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் ரோமானியச் சரக்கு கிழக்கே போனது. கோவை பக்கம் வெள்ளலூரில் 1842-ல் 522 ரோமானிய வெள்ளிக்காசு கிடைத்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் திருச்சூர் மாவட்டம் எய்யாலில் ரோமானியத் தங்கக்காசும் வெள்ளிக்காசும் நம் முத்திரைக்காசும் ஒரே புதையலில் இருந்தன. 1983-ல் எர்ணாகுளம் மாவட்டம் வள்ளுவள்ளியில் ரோமானியத் தங்கக்காசுகள் குவியலாக வந்தன. உங்கள் தோப்பு வெள்ளலூருக்கும் எய்யாலுக்கும் நடுவில் இருக்கிறது!

நாணயவியல்_மூத்தவன் | காலை 8.10

பிள்ளைக்கு ஆசை காட்டாதீர்கள். அவை எல்லாம் குடத்தில் வைத்துப் புதைத்த புதையல்கள், அதுவும் ஆழத்தில். ஆறாயிரம் ரூபாய் மெஷின் ஒற்றைக் காசை ஒரு சாண் ஆழத்தில் கண்டுபிடித்தாலே பெரிய விஷயம். அப்பத்தா காலத்துச் சந்தையில் கீழே விழுந்தது காலணாவும் அரையணாவும். அதைத் தேடச் சொல்லுங்கள்.

நாஞ்சில்_சக்கரம் | காலை 9.02

கேரளா என்பதால் திருவிதாங்கூர் சக்கரமும் காசும் கிடைக்க வாய்ப்பு உண்டு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு ரூபாய். சங்கு முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

காலணா_பெட்டி | காலை 9.20

அண்ணா, அது உங்கள் நாஞ்சில் நாட்டுக் கணக்கு. சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. பக்கத்திலேயே பாலக்காடு பிரிட்டிஷ் மலபார். சங்கு முத்திரை கொச்சியின் புத்தன் காசிலும் உண்டு, அதனால் கண்ணை மூடாமல் பார்க்க வேண்டும். அங்கே கிடைக்கக்கூடியது கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக் காலணா, விக்டோரியா, ஜார்ஜ் காசுகள். அதிர்ஷ்டம் இருந்தால் திப்புவின் யானைக்காசு. பாலக்காட்டுக் கோட்டை ஹைதர் அலி 1766-ல் கட்டியது, 1790 வரை அந்த வட்டாரம் பெரும்பாலும் மைசூர் கையில் இருந்தது.

நாஞ்சில்_சக்கரம் | காலை 9.41

வியாபாரி காசுக்கு எல்லைக்கோடு தெரியுமா? ஆரல்வாய்மொழியில் கம்பெனிக் காசு கிடைக்கிறது. அதேபோல் இங்கிருந்து அங்கேயும் போயிருக்கும்.

காலணா_பெட்டி | காலை 9.44

போயிருக்கும். நூற்றில் ஒன்று. மீதி 99 பற்றித்தான் சொல்கிறேன்.

வட்டாட்சி_ஓய்வு | காலை 10.15

எல்லோரும் காசைப் பற்றியே பேசுகிறீர்கள், சட்டத்தை யாரும் சொல்லவில்லை. 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையது என்றால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை.

வாளையார்_வழி | காலை 10.32

ஐயா, இவர் இருப்பது கேரளாவில். அங்கே 1968-ல் தனியாகப் புதையல் சட்டம் போட்டுவிட்டார்கள்.

வட்டாட்சி_ஓய்வு | காலை 10.50

சரி, திருத்திக்கொள்கிறேன். நான் பணி செய்தது கோயம்புத்தூர்ப் பக்கம், அந்த நினைப்பில் எழுதிவிட்டேன். ஆனால் அடிப்படை மாறாது. சொந்தத் தோப்பு என்பதால் தெரிவிக்க வேண்டாம் என்று எண்ணக்கூடாது. 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்களாயியில் ரப்பர் தோட்டத்தில் மழைநீர்க் குழி வெட்டிய நூறு நாள் வேலைப் பெண்களுக்குப் புதையல் கிடைத்தது. அவர்கள் ஒளிக்கவில்லை. விஷயம் பஞ்சாயத்துக்கும் போலீசுக்கும் போய், பொருள் முறையாகச் சேர்ந்தது. அதனால்தான் அதில் வெனிஸ் காசு இருந்தது, கண்ணூரை ஆண்ட ஆலி ராஜா காசு இருந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறது. தம்பி, குடம், பானை, குவியல் எதுவானாலும் தட்டுப்பட்டால் அப்படியே நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லுங்கள். தொல்லியல் துறை பாதுகாக்கும் கோயில், கோட்டை பக்கம் இந்த மெஷினைக் கொண்டுபோகவே வேண்டாம்.

சரளைமண் | காலை 11.20

சட்டம் இருக்கட்டும். கருமண் பிரச்சினைக்கு வருவோம். நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

காலணா_பெட்டி | காலை 11.35

நான் மறுக்கிறேன். மண்ணால் வரும் சத்தம் காயிலை, அதாவது கம்பின் அடியில் இருக்கும் வட்டத் தட்டை, அசைக்கும்போதும், மேலே தூக்கி இறக்கும்போதும்தான் மாறும். காயிலை ஆடாமல் வைத்தால் மண் எதற்குக் கத்த வேண்டும்? தோப்புத் தம்பி, நேற்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. காயிலை இடுப்பு உயரத்தில் அசைக்காமல் பிடியுங்கள். அப்போதும் கத்துகிறதா? சத்தம் தொடர்ச்சியாக வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா?

எருத்தேம்பதி_தோப்பு | மதியம் 1.10

இப்போதுதான் பார்த்தேன். சும்மா பிடித்தாலும் கத்துகிறது. டொக்… டொக்… என்று கடிகார முள் மாதிரி, ஒரு வினாடிக்கு ஒருமுறை. வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தால் சத்தமே இல்லை. தோப்புக்குப் போனால் ஆரம்பிக்கிறது.

பொள்ளாச்சி_ரேடியோ | மதியம் 1.22

அப்படி என்றால் காயில் ஒயரில் லூஸ் கனெக்ஷன். நடக்கும்போது ஆடி ஆடிக் கத்துகிறது. ஒயரைக் கம்பில் நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள்.

காலணா_பெட்டி | மதியம் 1.30

அண்ணா, லூஸ் கனெக்ஷன் வினாடி எண்ணிக்கொண்டா கத்தும்? தம்பி, தோப்பில் பன்றிக்கு ஷாக் வேலி போட்டிருக்கிறீர்களா?

எருத்தேம்பதி_தோப்பு | மதியம் 1.34

ஆமாம், சோலார் வேலி. சுற்றிலும் இருக்கிறது. இங்கே எல்லாத் தோப்பிலும் இருக்கிறதே. அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

காலணா_பெட்டி | மதியம் 1.52

அதுதான் விஷயம். மெஷின் நல்ல மெஷின். வேலிப் பெட்டி வினாடிக்கு ஒருமுறை அளவில் கம்பிக்குள் ஒரு துடிப்பை விடுகிறது. உங்கள் காயில் என்பது மண்ணிலிருந்து வரும் மிகச் சின்னக் காந்த மாற்றத்தைக் கேட்கும் காது. அந்தக் காதுக்குப் பக்கத்தில் தோப்பு முழுக்கச் சுற்றி ஒரு ஆண்டெனா கட்டி வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு துடிப்பும் அதற்கு உலோகம் மாதிரியே கேட்கும். மோட்டார் ரூம், மேலே போகும் கரண்ட் லைன் இவையும் இப்படித் தொல்லை செய்யும், ஆனால் இப்படித் தாளம் போடாது.

நாளைக் காலை வேலியை ஆஃப் செய்யுங்கள். அதற்குப் பிறகு இப்படிச் செய்யுங்கள், நான் இதைச் செய்துதான் கற்றேன்.

முதலில் செல்போனை வீட்டில் வையுங்கள். கைக்காப்பு, வாட்ச் வேண்டாம். சென்சிட்டிவிட்டித் திருகைப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். எல்லோரும் அதை முழுதாகத் திருப்பி வைத்துவிட்டு மெஷினைத் திட்டுவார்கள். பிறகு ஆணி இல்லாத மண்ணில் நான்கு விரல் ஆழத்தில் ஒரு பழைய செம்புக் காசைப் புதையுங்கள். ஒரு முழம் தள்ளி ஒரு துருப்பிடித்த ஆணி. இன்னொரு முழம் தள்ளி ஒரு பீர் மூடி. மூன்றின் மேலும் காயிலை இருபது தடவை ஓட்டுங்கள். காசின் சத்தம் இடமிருந்து வந்தாலும் வலமிருந்து வந்தாலும் ஒரே இடத்தில், சுத்தமாக, மணி தட்டியது போல் வரும். ஆணி இழுத்து இழுத்துக் கரகரக்கும், ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் கேட்காமல் போகும். பீர் மூடிதான் ஏமாற்றும். அதைக் காசு என்று நினைத்துத் தோண்டாதவர் இந்தத் தொழிலில் இல்லை. காது பழகும் வரை அதையும் தோண்டத்தான் வேண்டும்.

தேடும்போது காயில் தரைக்கு இரண்டு விரல் மேலே, மட்டமாக இருக்கட்டும். வீச்சின் முடிவில் தூக்காதீர்கள், கதிர் அறுப்பது மாதிரி வளைத்து வளைத்து வீசினால் நுனியில் ஆழம் போய்விடும். ஒரு வீச்சின் பாதி மீது அடுத்த வீச்சு விழ வேண்டும். நல்ல சத்தம் வந்தால் 90 பாகை திரும்பி நின்று மறுபடி ஓட்டுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் காசு. கடப்பாரை வேண்டாம், களைக்கொத்து போதும். சத்தத்துக்கு ஒரு சாண் தள்ளி மண்ணை அடையாகப் பெயர்த்துக் கையால் உதிருங்கள்.

முழுத் தோப்பும் வேண்டாம். புளியமரம் நின்ற இடத்தை அப்பத்தாவிடம் கேட்டு அங்கே மட்டும் தேடுங்கள். நிழலில்தான் ஆள் உட்காரும், மடி அவிழும், காசு விழும்.

நாணயவியல்_மூத்தவன் | மதியம் 2.30

வேலி எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பருப்பளவே இருக்கும் 'பணம்' என்ற பழைய தங்கக்காசு இந்த மெஷினுக்குக் கேட்கவே கேட்காது. அதனால் நல்ல இடத்து மண்ணை ஒரு சல்லடையிலும் போட்டுச் சலியுங்கள். கிடைக்கும் காசைத் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.

நாஞ்சில்_சக்கரம் | மதியம் 2.48

புளி போடாமல் களிம்பு எப்படிப் போகும்? எங்கள் வீட்டில் செம்புப் பாத்திரம் எல்லாம் புளியில்தான் பளிச்சென்று ஆகிறது.

நாணயவியல்_மூத்தவன் | மதியம் 3.05

பாத்திரத்தில் எழுத்து இல்லை. காசில் இருக்கிறது. புளியின் அமிலம் களிம்போடு சேர்த்து எழுத்தின் விளிம்பையும் தின்னும். தண்ணீரில் ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் தள்ளுங்கள். அந்தப் பச்சைப் படலம்தான் காசுக்குத் தோல். அழகு கெட்டாலும் பரவாயில்லை, ஆண்டு படிக்க வேண்டும்.

சரளைமண் | மாலை 4.12

வேலியை ஆஃப் செய்தாலும் கருமண் கொஞ்சம் தொல்லை செய்யும், பாருங்கள்.

வட்டாட்சி_ஓய்வு | மாலை 5.30

தம்பி, வேலி சோலார் பெட்டியில்தானே ஓடுகிறது? வீட்டு லைனை நேராகக் கம்பிக்குக் கொடுப்பவர்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அப்படி இருந்தால் டிடெக்டரை மறந்துவிட்டு முதலில் அதை அவிழுங்கள். அது பன்றியை மட்டும் கொல்லாது. சட்டப்படியும் குற்றம். சோலார்தான் என்றால் மாலையில் மறக்காமல் ஆன் செய்யுங்கள், ஒரே இரவில் கிழங்கு எல்லாம் போய்விடும்.

எருத்தேம்பதி_தோப்பு | புதன், இரவு 8.15

சோலார்தான் ஐயா. ஆஃப் செய்தேன், சத்தம் நின்றுவிட்டது. அப்பத்தாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்த் தோப்பில் உட்காரவைத்தோம். அவர் கை காட்டிய இடத்தில் ஏழு குழி. மூன்று பீர் மூடி, ஒரு அலுமினிய மூன்று பைசா, ஒரு ஓட்டைக் காலணா, பச்சை பிடித்த கனமான செம்புக் காசு ஒன்று. ஓட்டைக் காலணாவை அப்பத்தா கண்ணுக்குக் கொண்டுபோகவே இல்லை, சுண்டுவிரலை ஓட்டையில் வைத்துப் பார்த்தே சொல்லிவிட்டார். ஜேசிபிக்காரரிடம் அந்த மூலையைச் சனிக்கிழமை வரை விடச் சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. வேலியை ஆன் செய்யப் போகிறேன்.

காலணா_பெட்டி | இரவு 8.21

மனசு நிறைந்தது தம்பி. ஓட்டைக் காலணா 1943-லிருந்து 1947-க்குள்தான் இருக்கும், ஆண்டைப் பாருங்கள். வளையமாக இருப்பதால் மெஷினுக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

நாணயவியல்_மூத்தவன் | இரவு 8.40

அந்தக் கனமான செம்புக் காசு எத்தனை கிராம்? ஒரு பக்கம் யானை மாதிரி ஏதாவது தெரிகிறதா? தேய்க்காமல் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள்.

நாணயவியல்_மூத்தவன் | வெள்ளி, காலை 7.05

தம்பி, படம்?