ஆற்றில் பாக்டீரியா விடப் போகிறாராம் நம்ம ஜங்ஷன்காரர்

அம்பை வாத்தியார்:
"மரபணு மாற்றிய பாக்டீரியாவைத் தாமிரபரணியில் விட்டால் ஆர்சனிக் இருந்த இடம் தெரியாது" என்று ஜங்ஷன்காரர் நேற்று அளந்து விட்டிருக்கிறார். ஆர்சனிக் ஒரு நச்சுத் தனிமம் வே. எந்தக் கொம்பனாலும் அதை அழிக்க முடியாது. பாக்டீரியாவுக்குள் இருக்கும் புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிடித்த பாக்டீரியாவை எங்கே கொட்டுவீர்? குறுக்குத்துறைப் படித்துறையிலா?

ஜங்ஷன்காரன்:
வந்துட்டாருய்யா. அண்ணாச்சி, ஈ.கோலை என்ற பாக்டீரியாவில், ஆர்சனிக்கைப் பிடிக்கும் ஆர்ஸ்ஆர் என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்க வைத்து 2004-லேயே காட்டிவிட்டார்கள். லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஆர்சனைட்டை, அதாவது தண்ணீரில் கரைந்த ஒருவகை ஆர்சனிக்கை, ஒரு மணி நேரத்தில் எடுத்திருக்கிறது. குடிநீருக்கு வரம்பே 10தான். ஒரு மணி நேரம்!

அம்பை வாத்தியார்:
அது ஆய்வகத்தில். அந்தப் புரதம் அளவுக்கு மேல் சுரந்ததும் பாக்டீரியா வளரவே திணறியது. அதைச் சமாளிக்க இன்னொரு புரதத்தை ஒட்ட வேண்டியிருந்தது. அதை மட்டும் ஏன் முழுங்கிட்டீர்? சரி, எங்கே கொட்டுவீர்?

பேட்டைவாசி:
ஆர்சனிக் மேற்கு வங்கம், வங்கதேசத்து நிலத்தடி நீரில் பெரும்பாடு. இங்கே பாடு சாக்கடைதான். நெல்லைக் கால்வாய் ஓரம் மூக்கைப் பொத்தாமல் ஒருநாள் நடந்து பாருங்க ரெண்டு பேரும்.

ஜங்ஷன்காரன்:
ஆத்துல அப்படியே கொட்டணும்னு யார் சொன்னது? ஆல்ஜினேட் என்ற கடற்பாசிக் கூழில் ஜவ்வரிசி மாதிரி மணி செய்து, பாக்டீரியாவை அதுக்குள் அடைத்து, தொட்டியில் வைத்துத் தண்ணீரை விடலாம். ஒரு மணி நேரம் போதும்.

அம்பை வாத்தியார்:
நேத்து ஆறு, இன்னைக்குத் தொட்டியா? மரபணு மாற்றிய உயிரியை வெளியே விட 1989 விதிகளின்படி மத்தியக் குழு அனுமதி வேணும், தெரியுமா? தொட்டின்னே வச்சுக்குவோம். மணி நிறைஞ்ச பிறகு எங்கே கொட்டுவீர்?

பாளைத் தமிழ்:
ஆர்சனிக்கை எடுக்கிற இரும்பு ஆக்சைடு வடிகட்டியிலும்தான் ஆர்சனிக் சேர்ந்த கழிவு மிஞ்சுது. அதைக் கொட்டும்போது மட்டும் வாத்தியாருக்கு வலிக்காதோ?

அம்பை வாத்தியார்:
பேச்சை மாத்தாதேயும். பாக்டீரியாவைக் கேக்கேன்.

ஜங்ஷன்காரன்:
பெரிசா கேக்க வந்துட்டீரு. போன வருஷம் முருங்கை விதையை அரைச்சுப் போட்டா தண்ணி தெளியும்னு எழுதினீரே, அதை நம்பி எங்க அம்மா போட்டா. மறுநாள் குடத்துப் பக்கம் போக முடியல, அப்படி ஒரு வாடை.

அம்பை வாத்தியார்:
கலங்கல் தெளிஞ்சுதா இல்லையா? விதையில் இருக்கிற மத்த சத்தும் தண்ணியில் இறங்கும், அன்னைக்கே குடிச்சுரணும்னு அதே பதிவில் போட்டிருந்தேன். வாசிக்காதது யார் குத்தம்?

பேட்டைவாசி:
தோலை உரிச்சுட்டுத்தானே அரைச்சாங்க?

அம்பை வாத்தியார்:
அப்படிக் கேளும்! வடிகட்டினாங்களான்னும் கேட்டுச் சொல்லும்.

ஜங்ஷன்காரன்:
எங்க அம்மாவுக்கு அரைக்கச் சொல்லிக் குடுக்கிற அளவுக்கு நீங்க ரெண்டு பேரும் ஆளாயிட்டீங்களா?