இரண்டாகப் பிரித்த சீதன வீட்டை மீண்டும் ஒரே வீடாக்க அனுமதி வேண்டுமா?

வினா (கல்லடி, மட்டக்களப்பு):
எங்கள் அம்மா தமது சீதன வீட்டை நடுச்சுவர் வைத்து இரண்டாகப் பிரித்து, எனக்கும் தங்கைக்கும் தனித்தனி நன்கொடை உறுதி எழுதித் தந்தார். காணியும் இரு துண்டுகளாக அளக்கப்பட்டது; இரு பக்கமும் தனிக் குசினி, தனி மின்மானி, தனிச் சோலைவரி (மாநகர சபைக்குக் கட்டும் வீட்டு வரி) இலக்கம் உள்ளன. கனடாவில் குடியேறிவிட்ட தங்கை தன் பங்கை எனக்கே எழுதித் தரச் சம்மதித்திருக்கிறாள். நடுச்சுவரை எடுத்து, அவளுடைய குசினியை அம்மாவுக்குப் படுக்கையறையாக்க விரும்புகிறேன். உள்வேலைக்கு அனுமதி தேவையில்லை என்று மேசன் சொல்கிறார். அது சரியா?

பதில் 1 (படம் வரைபவர்):
அக்கா, அந்தச் சொல்லை நம்பிச் சுவரில் கைவைக்க வேண்டாம். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்படுத்தல் கட்டளைச் சட்டம் புதிய கட்டடத்துக்கு மட்டுமன்றி, இருக்கும் கட்டடத்தில் செய்யும் மாற்றங்களுக்கும் பொருந்தும். அபிவிருத்திப் பிரதேசமாக வெளிப்படுத்தப்பட்ட இடங்களில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின்படியும் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். குடியிருப்பு குடியிருப்பாகவே இருப்பதால் வலயப் பயன்பாட்டில் (அந்தப் பகுதியில் எவ்வகைக் கட்டடம் அனுமதிக்கப்படும் என்ற விதியில்) பெரிய தடை வருவதற்கில்லை.

உங்களுடைய உண்மையான சிக்கல் உறுதியில்தான் இருக்கிறது. நடுச்சுவர் இன்று இரண்டு உரிமையாளர்களின் எல்லையில் நிற்கிறது. ஆகவே தங்கை அங்குள்ள எமது உயர்ஸ்தானிகராலயத்தில் அற்றோணித் தத்துவம் (தமக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரமளிக்கும் பத்திரம்) ஒப்பமிட்டு அனுப்ப, இங்கே நொத்தாரிசு மூலம் அவருடைய பங்கு உங்கள் பெயருக்கு மாறி, உரிமம் பெற்ற நில அளவையாளர் இரு துண்டுகளையும் சேர்த்து அளந்த வரைபடமும் உறுதியும் காணிப் பதிவகத்தில் பதிவான பின்னரே கட்டட வரைபடத்தை மாநகர சபைக்குக் கொடுப்பது நல்லது. கூரையின் பாரம் அந்தச் சுவரில் இறங்குகிறதா என்பதையும் பொறியியலாளர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். பிரிக்கும்போது எழுப்பிய சுவர்தானே என்று எண்ணி இடித்து, கூரை வளை தாழ்ந்துபோன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பதில் 2 (கல்முனை):
நாங்கள் அனுமதியின்றி இரண்டு பகுதிகளை ஒன்றாக்கினோம். பிறகு வீட்டுக் கடனுக்குப் போனபோது, வரைபடமும் வீடும் ஒத்துப்போகவில்லை என்று வங்கி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம், அக்கா. வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழையும் (அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டியதற்கான சான்று) கேட்டு வாங்குங்கள். கல்லடி கடலோரம் என்பதால், உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் வீடு இருந்தால் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்திடமும் விசாரிக்க வேண்டும். சோலைவரி இலக்கங்களை ஒன்றாக்க மாநகர சபைக்குத் தனியாக எழுதிக் கொடுங்கள். மின்மானியை ஒன்றாக்கினால் இரு பக்கத்து அலகுகளும் சேர்ந்து உயர்ந்த கட்டணப் படிக்குள் போகும் என்பதையும் கணக்கிடுங்கள்.

வினா எழுப்பியவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. மேசனை நிறுத்திவிட்டேன். அற்றோணித் தத்துவம் பற்றித் தங்கையிடம் இன்றிரவே பேசுகிறேன். பதிவு முடியும்வரை அம்மாவுக்கு என் பக்கத்து முன்னறையை ஒழித்துக் கொடுக்கிறேன்.