நினைவூட்டி நினைவூட்டி ஓய்ந்துவிட்டேன், பயிற்சியை யாரும் முடிப்பதில்லை

கேள்வி:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் 22 பேரைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாகச் சேருபவர்கள் முதல் மாதத்திலேயே 6 ஆன்லைன் பாடங்களை முடிக்க வேண்டும். வாராவாரம் மெயில் போடுகிறேன். போன முறை சேர்ந்த 7 பேரில் முடித்தவர்கள் இரண்டே பேர். மூன்று பேர் மூன்று மாதத்துக்குள் வேலையை விட்டுவிட்டார்கள். கட்டாயப்படுத்தாமல், சின்னச் சின்னத் தூண்டுதல்களாலேயே இதைச் சரிசெய்யலாம் என்கிறார்கள். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பதில் 1:
முடித்தவர்களின் பெயரைப் பலகையில் போடுங்கள். மற்றவர்களும் முடிப்பார்கள்.

பதில் 2:
பலகை வேண்டாங்க. 7 பேரில் 2 பேர் என்று எழுதி வைத்தால், முடிக்காமல் விடுவதுதான் இங்கே வழக்கம் என்று புதியவர் எடுத்துக்கொள்வார்.

நான் 9 வருடமாகப் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். மெயிலை நிறுத்திவிட்டு, பாடத்துக்கான அரை மணியை ஷிஃப்ட் அட்டவணையிலேயே போட்டேன். வேண்டுமானால் வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றேன். பெரும்பாலோர் மாற்றவே இல்லை. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ஓய்வுக்காலச் சேமிப்பில் புதியவர்களைத் தானாகவே சேர்த்து, விருப்பமில்லாதவர் விலகலாம் என்று வைத்தது. சேமிப்பில் இருந்தவர்கள் 49 சதவீதத்திலிருந்து 86 ஆனார்கள் (2001-ல் வந்த ஆய்வு). ஏற்கெனவே போட்டு வைத்ததை மாற்றப் பெரும்பாலோருக்குக் கை வராது. ஆனால் அந்த அரை மணியில் அவருக்கு ஒரு அழைப்புகூடப் போகக்கூடாது. அதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

ஆட்கள் விலகுவது வேறு விஷயம். அங்கே தூண்ட வேண்டியது மேலாளரை. கூகுளில் புதியவர் சேரும் வாரத்துக்கு முந்தைய ஞாயிறு மேலாளருக்கு ஒரு குட்டிப் பட்டியல் அனுப்பிப் பார்த்தார்கள்: வேலையைப் பற்றி உட்கார்ந்து பேசுங்கள், துணைக்கு ஒருவரைச் சேர்த்துவிடுங்கள், ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை விசாரியுங்கள், இப்படி ஐந்து வரி. அதைச் செய்த மேலாளர்களின் ஆட்கள் 25 சதவீதம் வேகமாக வேலையில் தேறினார்கள் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

சம்பளம்தான் பிரச்சினை என்றால் இது எதுவும் ஆளை நிறுத்தாது. விலகியவர்களிடம் பேசினீர்களா?

கேள்வி கேட்டவர்:
ஒருவரிடம் பேசினேன். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்றே முதல் வாரம் தெரியவில்லை என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. திங்கட்கிழமை 4 பேர் சேருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துணை என்று இன்றே பெயர் குறித்துவிட்டேன். அரை மணிக்கு மேலதிகாரியிடம் அனுமதி கேட்க வேண்டும்.

பதில் 2:
கேளுங்கள். அப்புறம், அந்தத் துணையின் வேலையிலும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.