குழந்தைப் பொறுப்பு வழக்கு: சமரசத் தீர்வு மையத்தில் பேசுவது எனக்கு எதிராகத் திரும்புமா?

திருவொற்றியூர்த் தந்தை:
என் மனைவி ஒன்றே முக்கால் ஆண்டாக, எங்கள் ஆறு வயது மகளுடன் வியாசர்பாடியில் தம் தாய்வீட்டில் இருக்கிறார். விவாகரத்துக் கோரி அவரும், மகளை என்னிடம் ஒப்படைக்கக் கோரி நானும் மனுத் தாக்கல் செய்திருக்கிறோம். குடும்பநல நீதிமன்றம் இருவரையும் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சமரசத் தீர்வு மையத்துக்கு அனுப்பியிருக்கிறது. வழக்குக்கு முன்பே இரு வீட்டுப் பெரியவர்களும் மூன்று முறை கூடிப் பேசினார்கள். ஒவ்வொரு முறையும் யார் மேல் தவறு என்று தீர்ப்புச் சொல்வதிலேயே பேச்சு முடிந்தது. அங்கே நான் கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தை இன்று எதிர்மனுவில் ஏறியிருக்கிறது. மையத்தில் பேசுவதும் அப்படி ஆகிவிடுமா? உடன்பாடு ஏற்படாவிட்டால் என் வழக்குக்குப் பாதகமா? மகளை வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பதே என் ஏக்கம்.

ராயபுரம் வழக்கறிஞர்:
ஐயா, நீங்கள் கண்டது பஞ்சாயத்து, இது வேறு. சமரசர் யார் மீதும் குற்றம் சாட்டவோ தீர்ப்புச் சொல்லவோ மாட்டார். இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் வைத்துக் கேட்பார், அதற்குக் கட்டணமும் இல்லை. அந்த மையம் 2005 முதல் இயங்கி வருகிறது. உடன்பாடு எட்டாவிட்டால் 'தீர்வு ஏற்படவில்லை' என்று மட்டுமே நீதிமன்றத்துக்கு அறிக்கை போகும்; யார் என்ன சொன்னார் என்பது அதில் இராது, வழக்கும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. குழந்தையோடு பேசிய ஆலோசகரின் அறிக்கையை, குழந்தையின் நலனை முடிவு செய்ய நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே மகளுக்கு எதையும் சொல்லிக்கொடுத்து அழைத்துப் போக வேண்டாம். பிள்ளைகளிடம் அது உடனே தெரிந்துவிடும்.

நீங்கள் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருபவரானால் இன்னொன்றையும் கவனியுங்கள். பிரிவது என்று இருவரும் மனமொப்பினால் பரஸ்பர சம்மத மனுவாக அதை மாற்றிக்கொள்ளலாம். அதிலுள்ள ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2017-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் முன்பே உண்மையாகத் தீர்ந்திருக்க வேண்டும்.

தண்டையார்பேட்டைத் தாய்:
சகோதரரே, நான் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். எங்கள் முதல் உடன்பாட்டில் 'தந்தை வசதியான நேரத்தில் மகனைப் பார்க்கலாம்' என்று எழுதினோம். யாருக்கு வசதியான நேரம் என்று எழுதாததால் நான்கு மாதம் மறுபடியும் சண்டை. இரண்டாம் முறை எல்லாவற்றையும் எழுதினோம்: ஞாயிறு காலை பத்து மணிக்குத் தண்டையார்பேட்டை மெட்ரோ நிலைய வாயிலில் ஒப்படைப்பது, மாலை ஆறு மணிக்கு அதே இடத்தில் திருப்புவது, தீபாவளி ஒரு வீட்டில் என்றால் பொங்கல் மறு வீட்டில், மே விடுமுறையில் பாதி, பள்ளிக் கட்டணம் யார் பொறுப்பு, காய்ச்சல் வந்தால் யாருக்கு எப்போது தெரிவிப்பது என்று. அன்றிலிருந்து என் மகன் வாயிலில் நின்று அழுததில்லை. நகையையும் குழந்தையையும் ஒரே பேச்சில் கொண்டுவராதீர்கள். எங்கள் பக்கம் அந்தத் தவறைச் செய்தோம், அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

பெரம்பூர் வாசகி:
அடி, மிரட்டல் இருந்த வீட்டுப் பெண்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். எதிரெதிரே உட்கார அச்சமாக இருப்பதைச் சமரசரிடம் முதலிலேயே சொல்லித் தனியமர்வு கேளுங்கள். சம்மதம் இல்லாத எதிலும் கையெழுத்திட யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவியும் உண்டு.

திருவொற்றியூர்த் தந்தை:
மூவருக்கும் நன்றி. ஒன்றே ஒன்று: எழுதிக் கையெழுத்திட்ட பிறகு மகள் வளர வளர நேரங்களை மாற்ற முடியுமா?

ராயபுரம் வழக்கறிஞர்:
முடியும். குழந்தை பற்றிய உத்தரவு எதுவும் நிரந்தரமானதல்ல. சூழல் மாறினால் திருத்தம் கோரி நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். இருவரும் ஒத்துக்கொண்டால் மறுபரிசீலனைக்கு ஓர் ஆண்டை இப்போதே உடன்பாட்டில் குறித்துவிடுங்கள்.