டபிள்யூ போசான் எடை: ஏழு சிக்மா பார்ட்டிக்கு ஒரு கேள்வி

வடசேரி_வாத்தி: டபிள்யூ போசான்ங்கது ஒரு அடிப்படைத் துகள். அதோட எடையப் பத்தி நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருக்காரு, "ஸ்டாண்டர்ட் மாடல் 2022லயே செத்தாச்சு, சிடிஎஃப் ஏழு சிக்மா காட்டியாச்சு, செர்ன்காரனுவ மூடி மறைக்கானுவ"ன்னு. ஸ்டாண்டர்ட் மாடல்னா துகள்களப் பத்தின தியரி, சிடிஎஃப்னா அமெரிக்காவுல டெவட்ரான்ங்கற மோதல் யந்திரத்துல டபிள்யூவ அளந்த குழு. படிச்சதும் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. 2024 செப்டம்பர்ல செர்னோட எல்ஹெச்சி மோதல் யந்திரத்துல இருக்க சிஎம்எஸ் குழு 80,360.2 எம்இவி (துகள் எடைய அளக்குற அலகு), பிழை 9.9ன்னு ஊரறிய சொல்லியாச்சே. தியரி சொல்லுத நம்பருக்கு ஒட்டித்தான நிக்குது. இதுல என்னத்த மறைச்சானுவ?

தக்கலைக்காரன்: அந்த ஒருத்தர் நான்தான் சாரே, பேரச் சொல்லியே திட்டலாம். சிடிஎஃப் நம்பர் 80,433.5, பிழை 9.4. டெவட்ரான 2011ல இழுத்து மூடுன பொறவும் பத்து வருஷம் உக்காந்து, நாப்பது லட்சத்துக்கு மேல டபிள்யூவ அலசிப் போட்ட கணக்காக்கும். தப்பு எங்கன்னு காட்டுங்க, நான் வாயப் பொத்திக்கிடுதேன்.

குளச்சல்_பையன்: அண்ணே ஓபரான்னு நடந்த நியூட்ரினோ சோதனைய மறந்துட்டியளா? 2011ல நியூட்ரினோ ஒளியவிட வேகமா ஓடுதுன்னு ஆறு சிக்மாவோட சொன்னானுவ, கடைசில பாத்தா ஃபைபர் கேபிள் ஒழுங்கா மாட்டல 😂

தக்கலைக்காரன்: ஓபரா துகள மோத விடுத கொலைடரே இல்ல லே. சரி, அங்க கேபிள் லூசு. இங்க எந்தக் கேபிள் லூசு? தப்பு எங்க?

வடசேரி_வாத்தி: சிக்மான்னா என்னன்னு மொதல்ல சொல்லும். அளந்ததுக்கும் தியரிக்கும் உள்ள வித்தியாசம் பிழையப் போல எத்தன மடங்குங்கறதுதான அது. நீரு போட்ட பிழை அளவே குறைச்சலா இருந்தா ஏழு என்ன, எழுபது வந்தாலும் பிரயோஜனம் இல்ல ஓய்.

தக்கலைக்காரன்: பாடம் எடுக்காதீரும். தப்பு எங்க?

மார்த்தாண்டம்_அக்கா: டபிள்யூ உடைஞ்சா ஒரு எலக்ட்ரானோ மியூவானோ வரும், கூட வர்ற நியூட்ரினோ கையில சிக்காது. சிக்குன துகளோட உந்தத்த வச்சுத்தான் எடைய ஊகிக்கணும், அதுல பத்தாயிரத்துல ஒரு பங்கு பிசகினாலே விடை மாறிரும். அதே டெவட்ரான்ல ஓடுன இன்னொரு குழு டி-ஸீரோ 80,375 சொல்லிச்சு. எல்ஹெச்சில இருக்க அட்லஸ், எல்ஹெச்சிபி குழு எல்லாம் கீழதான். சிடிஎஃப் மட்டும் ஒசரத்துல நிக்குது, ஏன்னு யாருக்கும் தெரியல.

தக்கலைக்காரன்: "யாருக்கும் தெரியல", அக்காவே சொல்லியாச்சு, நன்றி. டி-ஸீரோ பிழை 23, அத எங்கூட நிறுத்தாதீங்க. இன்னொன்னு, டெவட்ரான்ல புரோட்டானும் எதிர்-புரோட்டானும் மோதுது, எல்ஹெச்சில ரெண்டும் புரோட்டான், அதனால உள்ள இருக்க குவார்க் பங்கு எவ்வளவுன்னு அங்க இன்னும் கூடுதலா ஊகிக்கணும், ஒரு மோதல் பாக்கப் போனா கூடவே பத்து முப்பது மோதல் ஒண்ணாச் சேந்து வந்து குழப்பும், இவ்வளவையும் வச்சுக்கிட்டு எல்ஹெச்சிகாரன் சொன்னா வேதவாக்கு, சிடிஎஃப் சொன்னா பொய்யா? என்ன நியாயம் இது?

குளச்சல்_பையன்: நம்ம குளச்சல் ஏலத்துல ஒரு தராசு மட்டும் கூட காட்டுனா மத்த தராசெல்லாம் தப்புன்னு சொல்லுவியளா?

தக்கலைக்காரன்: குளச்சல்ல எங்கலே தராசு? கூறு வச்சுல்லா ஏலம் போடுதானுவ. கடலே பாக்காத பய போல பேசுத.

குளச்சல்_பையன்: என் வீட்டுக்கு முன்னாடியாக்கும் கடலு. நெம்மீன் எடைக்குத்தான் போவும், வந்து பாருங்க.

மார்த்தாண்டம்_அக்கா: சாளைக்குக் கூறு, நெம்மீனுக்கு எடை. போதுமா?

தக்கலைக்காரன்: போதாது. தப்பு எங்க?

வடசேரி_வாத்தி: சராசரி போட்ட கமிட்டியே சிடிஎஃப வெளிய வச்சுத்தான் போட்டுச்சு, தெரியுமா ஓய்?

தக்கலைக்காரன்: அதத்தான மூடி மறைக்கானுவன்னு சொன்னேன்! ஒத்து வராதவன வெளிய வச்சா எல்லாம் ஒத்துத்தான் வரும். நீரும் அப்படித்தான, போன ஓணத்துக்கு ஐஎன்ஓ, அதான் தேனி நியூட்ரினோ ஆய்வுக்கூடத் திட்டம், பத்தி வாய் தொறந்தேன்னு என்ன வாட்ஸ்அப் குரூப்ல இருந்து தூக்குனீரு.

வடசேரி_வாத்தி: ஐஎன்ஓவுக்காக இல்ல, குட்மார்னிங் படம் போட்டதுக்கு.

தக்கலைக்காரன்: எம்எஸ்சி படிச்சவருக்கு பூப்படம் பாத்தா வயிறு எரியுதோ!

குளச்சல்_பையன்: அந்த குரூப்ல நான் இன்னும் இருக்கேன் ஹிஹி

தக்கலைக்காரன்: நீ இருப்ப. வாத்திக்கு நெம்மீன் கொண்டுபோய்க் குடுக்கது யாருன்னு எனக்குத் தெரியாதாக்கும். எடைக்கா கூறுக்கா?